பெட்டி வந்தது, பூட்டு திறக்கவில்லை

எங்கள் பிள்ளைகளைத் திருடர்கள் என்று சொன்னது நீங்கள்தான், தலைவரே. மறுக்க முடியாது. நகரின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் குரலிலேயே சொன்னீர்கள். அன்று சாயங்காலமே பூங்கா கேட்டில் பூட்டும் போட்டீர்கள்.

படிக்கிறவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. எங்கள் நகர் நலச் சங்கத்தின் தலைவர், பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். நான் தோசை மாவு அரைத்து விற்பவள். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். எங்களுக்கு ஒரே மகள், பத்து வயது. அவள் விளையாட ஓர் இடம் வேண்டும். அதைத் தவிர எனக்கும் உங்களுக்கும் வேறு எந்த வழக்கும் கிடையாது.

பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து நல்லம்பள்ளி ரோட்டில் இருக்கும் இந்த நகருக்கு நாங்கள் குடிவந்தது பள்ளிக்கூடத்துக்காக. மனை விற்றவர்கள் காட்டிய படத்தில் பூங்கா இருந்தது. சறுக்கு மரம், ஊஞ்சல், கையில் பலூனோடு எந்த நாட்டுப் பிள்ளை என்றே தெரியாத ஒரு சிவந்த குழந்தை. வந்து பார்த்தால் நாலு பக்கம் சுவர், ஒரு இரும்பு கேட், ஒரு வேப்பமரம், முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியம். ஊஞ்சல் எங்கே என்று கேட்டதற்கு, "வருதும்மா" என்றார்கள். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

முதல் ஆண்டு விடுமுறையில் மகள் செல்போனோடு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சே குறைந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தது. மாவு வாங்க வருகிற எல்லாரிடமும் கேட்டேன், பிள்ளைகளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று. எல்லாரும் அபாகஸ் என்றார்கள். சேர்த்தேன். ஒரு வாரம் போய்வந்து சொன்னாள்:

"அம்மா, கூட்டினா எவ்ளோன்னு அந்த மிஸ்ஸே செல்லுல போட்டுப் பாக்கறாங்க. நான் பாத்துட்டேன். அதனால என்னை வேற பெஞ்சுல மாத்திட்டாங்க."

அடுத்து ஓவிய வகுப்பு. அங்கே எல்லாப் பிள்ளைகளும் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் தென்னை மரம் வரைய வேண்டும். இவள் தக்காளி லாரி வரைந்தாள். முதலில் மலை வரை, லாரி அப்புறம் என்றாராம் மிஸ். "ஜன்னலத் தொறந்தா மலை தெரியுது, அது ஒண்ணுகூட முக்கோணமா இல்லியே மிஸ்" என்று கேட்டிருக்கிறாள். இது வாய்ப்பேச்சு என்று எனக்குப் புகார் வந்தது. இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

கராத்தே ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் நடந்தது. முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. வைகாசியில் கராத்தேயே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது அவளுக்குப் பிடித்திருந்தது. கீழே சமையல்கட்டில் கொதிக்கும் ரசத்தின் வாசனைக்கு நடுவே "ஹூ, ஹா" என்று கத்துவது நன்றாக இருக்கிறது என்றாள். மாஸ்டர் ஒருநாள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். வெள்ளை உடுப்பு இப்போது எங்கள் வீட்டில் கிரைண்டர் துடைக்கிறது.

டவுனில் ஸ்டேடியம் இருக்கிறது. நல்ல கோச்சுகள். ஆனால் அவர்கள் வரச் சொல்லும் நேரம்தான் எனக்கு மாவு வியாபாரம். பத்து வயதுப் பெண்ணைத் தனியாகக் கூட்ட பஸ்ஸில் ஏற்றிவிடுகிற தைரியம் எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு பந்து வந்தது. எங்கள் மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு. அதில் பரிசாக அவளுக்கு ஒரு த்ரோபால் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றாள். அவ்வளவுதான். எந்தெந்த வீட்டிலிருந்தோ பிள்ளைகள் வந்தார்கள். இந்த நகரில் இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எல்லாரும் என் மகளைப்போல ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பார்த்தீனியத்தைப் பிடுங்கி எறிந்தார்கள். கை அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே விளையாடினார்கள்.

அதே பூங்காவில்தான் நீங்கள் தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தீர்கள். யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. விலை ஏறினால் உங்கள் பெட்டி எல்லாம் தோட்டத்துக்கும் மண்டிக்கும் போய்விடும். பூங்கா காலி. விலை இறங்கினால், பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று விவசாயிகள் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள். பெட்டிகள் திரும்பி வந்து வேப்பமரம் வரைக்கும் நிற்கும். பிள்ளைகளுக்கு ஓரமாக ஒரு சந்துதான் மிஞ்சும்.

அதனால் இந்த நகரின் பிள்ளைகள் காலையில் எழுந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "தக்காளி இன்னிக்கு என்ன வெலை?"

நான் காய்கறிக்காரனிடம் சண்டை போட்டுவிட்டு, அரைக் கிலோ தக்காளியோடு எரிச்சலாக வீட்டுக்கு வருவேன். என் மகள் வாசலில் குதிப்பாள்.

"ஏறிடுச்சா? இன்னும் ஏறுமாம்மா?"

"ஏறுண்டி, ஏறும். நாளையிலேர்ந்து உனக்கு வெறும் புளித்தண்ணிதான் ரசம்."

"பரவால்ல. கிரவுண்டு காலியாயிடும்."

அவள் அணியில் ஒரு பெண்ணின் அப்பா தோட்டத்தில் தக்காளி போட்டிருப்பவர். விலை ஏறினால் அவள் மட்டும் இரண்டு பங்கு குதிப்பாள்.

வலைக்குக் கம்பம் கிடையாது. உங்கள் பெட்டிகளையே இரண்டு அடுக்காக நிறுத்தி, அடிப்பெட்டியில் கல்லைப் போட்டு, தக்காளிச் செடி கட்டுகிற கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டினார்கள். அதில் யாரோ ஒரு பழைய நிழல் வலையைத் தொங்கவிட்டார்கள். அன்று நீங்கள் வந்தீர்கள். பிள்ளைகள் உறைந்து நின்றார்கள். நான் மாவு பாத்திரத்தோடு கேட்டுக்கு வெளியே நின்றேன், நீங்கள் வாயைத் திறந்தால் நானும் திறக்கலாம் என்று. நீங்கள் திட்டவில்லை. "பாயிண்டு யாரு சொல்றது?" என்று கேட்டு, பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டீர்கள்.

அந்தச் சாயங்காலத்தை நான் மறக்கவில்லை. ஒரு கையில் செல்போன், இன்னொரு கையால் பாயிண்ட். போனில் எவனிடமோ, "முடியாது, முடியாது, அந்த வெலைக்கு முடியாதுப்பா" என்று கத்தினீர்கள். ஒரு வாண்டு உடனே, "தலைவர் மாமா பாயிண்டு கிடையாதுன்னுட்டாரு!" என்று கூவியது. நீங்கள் சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது. நல்ல மனுஷன் என்று அன்று என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். இப்போதும் அதை வாபஸ் வாங்கவில்லை. அதனால்தான் கோபம் இத்தனை வருகிறது.

போன மாதம் விலை எகிறியது. எல்லாருக்கும் பெட்டி வேண்டும், எங்கேயும் பெட்டி இல்லை. உங்கள் ஆட்கள் எண்ணிப் பார்த்ததில் குறைந்தது. அப்போது குழுவில் வந்தது உங்கள் குரல்:

"பார்க்குல ஆடற பசங்கதான் எடுத்துட்டுப் போயி வித்திருக்குதுங்க. இப்பவே திருட்டு. பெத்தவங்க கண்டிச்சு வைங்க. இனிமே கேட்டு பூட்டித்தான் இருக்கும்."

எங்கள் வீட்டில் அந்த போன் யார் கையில் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? மகள் இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"திருடின்னு என்னையாம்மா சொல்றாரு?"

"பொதுவாச் சொல்றாரு."

"பொதுவான்னா நானும்தானே?"

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. "பெட்டி எங்கெங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

தெரியும்தான். மாவு பாக்கெட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள் அவள். இந்த நகரில் எந்த வீட்டு வாசலில், எந்தக் கொல்லையில் என்ன கிடக்கிறது என்று அவளைவிட யாருக்கும் தெரியாது. உங்கள் பெட்டியின் பக்கத்தில் உங்கள் மண்டியின் சிவப்புக் குறி இருக்கும். அந்தக் குறி இல்லாத வீடு இந்த நகரில் அபூர்வம். விலை இறங்கி, பெட்டிகள் மலையாகக் கிடந்த காலத்தில், சும்மா கிடக்கிறதே என்று ஆளுக்கு ஒன்று தூக்கிக்கொண்டு போனோம். அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் தக்காளிப் பெட்டி என்றால் அப்படித்தான். வெயில் காலத்து நிழல் மாதிரி, இருந்தால் உட்காருவோம். பெரியவர்கள் தூக்கினால் அது வசதி. பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் திருட்டு.

முதலில் எங்கள் வீட்டிலேயே ஆரம்பித்தாள். அரிசி ஊறும் குண்டானை இறக்கிவைத்துவிட்டு, அடியிலிருந்த பெட்டியை இழுத்தாள். "அடியே, இடுப்பு போயிடும்டி எனக்கு" என்றேன். "குனியாதீங்க, நான் எடுத்துத் தரேன்" என்றாள். அப்புறம் கூட்டம் தெருவில் இறங்கியது. நான் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறொன்றுமில்லை.

சங்கச் செயலாளர் வீட்டில் பெட்டிக்குள் மண் போட்டுக் கறிவேப்பிலை வைத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"செடிய எங்கடி வெக்கிறது?"

"தரையில வைங்க அத்தை. நல்லா வரும்."

"என்னமோ நாங்க திருடுன மாதிரி வந்து நிக்கிறீங்க!"

"நாங்க அப்படிச் சொல்லவே இல்லீங்க அத்தை. எங்களத்தான் சொல்லிருக்காங்க."

அந்த அம்மா போய் மண்வெட்டி எடுத்துவந்தார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டில் பழைய பேப்பர் போட்ட பெட்டி. இன்னொரு வீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. முட்டையிட்டு முடிக்கும்வரை வாசலில் காத்திருந்து வாங்கினார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி வீட்டில் பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குள் பெரிய விவாதம். "எழுப்பலாம்", "பாவம்டி", "திருட்டுப் பெட்டியில தூங்கினா அதுவும் திருட்டு நாயிதான்." கடைசியில் என் மகள் தீர்ப்பு சொன்னாள்: "இது பெரிசானதும் இதுக்குப் பெட்டி பத்தாது. அப்ப வாங்கிக்கலாம்."

கடைசி வீடு உங்களுடையது, தலைவரே. உங்கள் வாசலில் இரண்டு பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துச் செருப்பு அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் கேட்க பயந்து நின்றார்கள். வெளியே வந்த உங்கள் வீட்டம்மா எல்லாரையும் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க கண்ணுங்களா. அவரு வந்தா நான் பேசிக்கிறேன்."

உங்கள் செருப்புகளை வாசல் திண்டில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

இருட்டுவதற்குள், நாய்க்குட்டியின் பெட்டி தவிர, எல்லாப் பெட்டியும் கேட்டுக்கு வெளியே நின்றது. உங்கள் ஆட்கள் அடுக்குவதைவிடச் சீராக. நீங்கள் வண்டியோடு வந்தீர்கள். ஏற்றச் சொன்னீர்கள். தக்காளிக்காரர் மகள் துணிந்து, "மாமா, சாவி?" என்றாள். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினீர்கள். கேட்டுக்கு உள்ளே அப்போது ஒரு பெட்டிகூட இல்லை. அந்தப் பூட்டு எதைக் காத்துக்கொண்டிருந்தது? வேப்பமரத்தையா?

மகள் பந்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாள். மறுபடி செல்போன், மறுபடி மூலை.

நேற்று மாவு வாங்க நீங்களே வந்தீர்கள். வழக்கமாக வீட்டம்மாதான் வருவார். குரலைத் தணித்துச் சொன்னீர்கள்:

"ஏம்மா, பெட்டிதான் வந்துருச்சில்ல. உடுங்க. ரெண்டு நாளு கழிச்சு நானே சத்தமில்லாம தொறந்து உட்டுடறேன்."

"பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சின்னப் பசங்ககிட்ட நான் என்னத்தம்மா சொல்றது?"

உள்ளே மகள் போனின் சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும். மாவைக் கொடுத்தேன். பேச வேண்டியதைக் குழுவில் போடலாம் என்று பார்த்தேன். அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றி வைத்திருக்கிறீர்கள். அதனால் இங்கே, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

சத்தமில்லாமல் திறந்தால் பிள்ளைகள் உள்ளே போவார்கள். விளையாடுவார்கள். ஆனால் அடுத்த தடவை எது காணாமல் போனாலும் முதலில் அவர்கள் கையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். என் மகள் வீடு வீடாக மாவு கொண்டுபோகிறவள். அவளை அப்படிப் பார்க்க விடமாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சங்கக் கூட்டம். நாங்கள் பூசை முடிந்து நேராக வந்துவிடுவோம். பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைப்பேன். உங்கள் கையில் மைக் இருக்கும். ஒரே கேள்விதான். உங்கள் பெட்டிகளை எடுத்தது யார்? எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள், தலைவரே. வரும்போது சாவியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.