ராணி அரண்மனையை விட்டுப் போன நாள்

சித்தப்பா கோபித்துக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில்தான் தொலைக்காட்சியில் அந்த ராஜா ராணி நாடகம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னம்மாவைக் கேளாமல் வளவில் நின்ற மாமரத்தைத் தறித்ததால் வந்த சண்டை. எங்கள் களுதாவளைப் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. சண்டை முற்றினால் பையைத் தூக்குவது ஆண்தான். அவரும் தூக்கிக்கொண்டு வாவிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நாடகத்தில் அந்த ராஜாவுக்கு ராணியைக் கண்ணில் காட்டக்கூடாது. சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு இருந்து அவனைத் திட்டித் தீர்ப்பார். நாடகம் முடிந்த கையோடு சித்தப்பா அம்மாவின் போனுக்கு எடுப்பார். பேச்சு என்னோடுதான். “மகள், இண்டைக்கு ராணி என்ன செஞ்சா?” கதை சொல்ல என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு. ராஜாவின் குரலில்கூடப் பேசிக் காட்டுவேன். எல்லாம் கேட்டுவிட்டு, “சின்னம்மா என்ன சொன்னா?” என்பார்.

கடைசி நாளன்று ராணி நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு அழுதபடி அரண்மனையை விட்டு நடந்தாள். சின்னம்மாவுக்கு வந்ததே கோபம்!

“இவ ஏன்கா வெளிக்கிடுறா? வீடு அவடதானே? ராசாவை எழும்பிப் போகச் சொல்லு!”

அங்கெல்லாம் வீடு ராஜாவுடையது என்று அம்மா சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. எனக்கும் சின்னம்மா சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. அதற்குள் போன் அடித்தது. நான் எடுத்ததும் சின்னம்மா குரலை இன்னும் உயர்த்தினார்.

“போன ராசா பிழைய உணர்ந்தா திரும்பி வரட்டும். கேற்றப் பூட்டியா வைக்கப் போறம்?”

பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்ல இவ்வளவு சத்தம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே, அதையும் ஒரு சொல் விடாமல் சித்தப்பாவிடம் ஒப்புவித்தேன். “சரி மகள்” என்று உடனே போனை வைத்துவிட்டார். நாடகம் முடிந்த கவலையாக்கும் என்று பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் சித்தப்பா வந்து நின்றார். ஒரு கையில் பை, மற்றக் கையில் ஒட்டு மாங்கன்று. சின்னம்மா மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

பொங்கலுக்குச் சித்தப்பாவின் தாய் வீட்டுக்குப் போனோம். அங்கே எங்களுடையதைவிடப் பெரிய டிவி இருந்தது. அந்த ராணி நாடகத்தை மகனும் தானுமாக ஒருநாளும் விடாமல் பார்த்ததாக அவருடைய தாய் சொன்னார். பார்த்த கதையையா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்? அப்படியென்றால் நான் கதை சொல்லும் விதம் அவருக்கு எவ்வளவு பிடித்திருக்க வேண்டும் என்று, வீடு வந்து சேரும்வரை பெருமை தாங்காமல் வந்தேன்.