மேக்னாவின் வலது காது

வசந்தியை யாராவது மாமி என்று கூப்பிட்டால் பொல்லாத கோபம் வரும். முப்பத்து நாலு வயதுக்கு என்ன மாமி? பாலிகஞ்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வங்காளிப் பிள்ளைகள் நிறைந்த ஒரு வகுப்பையே ஒரு முறைப்பில் அடக்குகிறவள். அப்பேர்ப்பட்டவளைத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் லேக் கார்டன்ஸ் மாடி வீட்டில் ஆறு வயது மகள் மேக்னா அடக்கி உட்கார வைத்துவிட்டாள்.

மேக்னாவின் வலது காதில் சீழ் பிடித்துச் செவிப்பறை ஓட்டையாகிவிட்டது. ஆபரேஷன் செய்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டு பிடித்தால்தான் காது கேட்கும். தண்ணீர் படக்கூடாது, சளி பிடிக்கக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது, விம்மி அழக்கூடாது என்றார் டாக்டர். அந்தக் கடைசி விதியை மேக்னா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நினைத்தது கிடைக்காவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள். வசந்தி பதறியடித்துக்கொண்டு ஓடிவருவாள். பள்ளிக்கூடத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு. கணவர் பட்டாபிராமன் ஹால்டியா துறைமுகத்துக்கு மாற்றலாகி, டெலிபோனில் மட்டும் ரொம்ப அன்பாக இருந்தார்.

துர்க்கா பூஜை வந்தது. தெருமுனைப் பந்தலில் மேளத்தை விளாசினார்கள். ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டுத் தாயும் மகளும் உள்ளே வெந்தார்கள். நவராத்திரிக்குக் கொலு வைக்கவில்லை. ஆனாலும் கீழ் வீட்டு லக்ஷ்மி மாமி வெற்றிலை பாக்கு, குங்குமம், சுண்டலோடு படியேறி வந்தாள். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று அடுக்கடுக்காகத் தும்மினாள்.

"மாமி, தப்பா நெனச்சுக்காதீங்கோ. கொழந்தைக்குச் சளி ஒட்டிண்டா எல்லாம் போச்சு. அங்கேயே வெச்சுட்டுப் போயிடுங்கோ."

"நவராத்திரியும் அதுவுமா குங்குமத்த வாசல்ல வெச்சுட்டுப் போறதா? நன்னாருக்குடி நீ சொல்றது!"

மாமி தட்டோடு இறங்கிப் போய்விட்டாள். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச இருந்தது அவள் ஒருத்திதான். சுமங்கலியை வாசலோடு திருப்பி அனுப்பிய பாவம் வேறு.

உள்ளே மேக்னா படுத்திருந்தாள். ஆபரேஷன் செய்த காது மேலே இருக்கும்படிதான் படுக்க வேண்டும். நல்ல காது தலையணையில் புதைந்துவிட்டால் அவளுக்கு எதுவும் கேட்காது. வசந்தியின் நாளில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கென்று உண்டு. வாய்விட்டுப் புலம்புவாள், புருஷனைத் திட்டுவாள், பள்ளிக்கூடத்தையும் விடமாட்டாள். அன்றும் கட்டிலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மனுஷா மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு! ஜெயில்ல கூட சாயங்காலம் வெளில விடுவான். இவ பொறக்காமலே இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

"அப்போ நான் எங்கம்மா இருந்திருப்பேன்?"

வசந்தி திரும்பினாள். மேக்னா அசையவே இல்லை. இடது காது தலையணையில்தான் இருந்தது. கண்கள் சுவரைப் பார்த்தன. வசந்தி மூச்சு விடுகிற அளவுக்கு மெல்லத்தான் கூப்பிட்டாள்.

"மேக்னா..."

"ம்."

வேண்டாத தெய்வமில்லை இதற்காக. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். "அம்மா சும்மா சொன்னேன்டி, கண்ணு" என்றாள். மேக்னா உதட்டைப் பிதுக்கவில்லை. அதைத்தான் வசந்தியால் தாங்க முடியவில்லை.

சற்று நேரத்தில் ஹால்டியாவிலிருந்து போன் வந்தது. குழந்தைக்குக் காது கேட்கிறது என்று சொன்னாள். பட்டாபிராமன் சந்தோஷத்தில் கத்தினார்.

"நெஜமாவா? எப்படித் தெரிஞ்சுது? மொதமொதல்ல என்ன கேட்டுது அவளுக்கு? சொல்லேன்!"

ரிசீவரைப் பிடித்தபடி வசந்தி நின்றாள். மேக்னா எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.