கசியாதவன் கட்டிய ஸ்பீக்கர் பெட்டி

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது சித்தி வீட்டு வாசற்படியில். சித்தி மகளுக்கு, எனக்குத் தங்கச்சி முறை, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். "பையன் பிளம்பர். எல்லாரும் கசியாதவன்னுதான் கூப்பிடுறாங்க" என்றார் சித்தப்பா. அவர் போட்ட குழாயில் ஒரு சொட்டுக் கசியாதாம். கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது, வாயிலிருந்தும் ஒரு சொல் கசியாது என்று. அவருக்கும் சேர்த்துத் தங்கச்சியே பேசினாள்.

குடித்தனம் வைத்த முதல் வாரமே அவளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். திறந்த குழாயை அப்படியே விடாதே, துணியை அடைத்துவை. மண்ணோ கரப்பானோ உள்ளே போனால் பிறகு சுவரை உடைக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் அவள் அதைத் தட்டவில்லை. மூலையில் கிடக்கிற துண்டுக் குழாயைக்கூட விடமாட்டாள்.

அறுபதை நெருங்கும்போது அவளுக்குக் காது போக ஆரம்பித்தது. முதலில் அழைப்பு மணி, பிறகு குக்கர் விசில், பிறகு பேத்தி பேச்சு. "கீச்சுச் சத்தமெல்லாம் போயிடுச்சு. கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதுவும் எத்தனை நாளைக்கோ" என்றார் காது டாக்டர். மெஷின் மாட்டினால் இரைச்சல்தான் பெருத்தது, கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். அவளுக்கு அடுப்படியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றதும் அவள் பேச்சும் நின்றது. ஒரு வீட்டில் இரண்டு கசியாதவர்கள் ஆனார்கள்.

"அந்தக் கனத்த சத்தத்தையாவது அவளுக்குக் கேக்கிற மாதிரி குடுக்கணும் அக்கா" என்று தங்கச்சி புருஷன் என்னிடம் சொன்னார். என்னிடம் அவர் அத்தனை நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

கடைத்தெரு ரேடியோ மெக்கானிக் அவருக்குச் சிநேகிதர். எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கொடுத்து வழியும் சொன்னார். காற்றுப் போகாத பலகைப் பெட்டி. முகத்தில் ஸ்பீக்கர், அதற்குக் கீழே ஒரு குழாய். ஸ்பீக்கர் முதுகு தள்ளுகிற காற்று குழாய் வழியே வந்து கனத்த சத்தத்துக்குத் தோள் கொடுக்குமாம். குழாய் நீண்டால் சத்தம் இன்னும் கீழே இறங்கும், குட்டையானால் மேலே ஏறும். "தண்ணித் தொட்டிக் கணக்குதானே" என்றார் இவர். நாற்பது லிட்டர். ஸ்பீக்கர் காந்தமும் குழாயும் உள்ளே அடைக்கிற இடத்தைத் தனியாகக் கூட்டிக்கொண்டார். குழாய் நேராக ஓட இடமில்லாததால் உள்ளே ஓர் எல்போ போட்டு மேலே வளைத்தார். கசியாதவன் ஆயிற்றே, அதைப் பசை போட்டே ஒட்டினார். முன்வாயில் செருகுகிற துண்டு மட்டும் கழற்றி வெட்டலாம். பசை காயட்டும் என்று முதுகுப் பலகையைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்து மூடித் திருகாணி போட்டார்.

அப்புறம் ஒரு மாசம். பகலெல்லாம் ஊரார் கக்கூஸில் குனிந்துவிட்டு, சாயங்காலம் இதன் முன்னால் வந்து குனிவார். போனிலிருந்து ஒரே சுரத்தை விட்டு மெல்ல மெல்ல இறக்குவார். குழாய் வாயில் தையல் நூல் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். சரியான இடம் வந்தால் ஸ்பீக்கர் அசையாமல் நிற்கும், நூல் பேயாட்டம் ஆடும் என்பது மெக்கானிக் வாக்கு. நூல் ஆடவில்லை. அரை அங்குலம் வெட்டினார். ஆடவில்லை. இன்னும் அரை அங்குலம். தங்கச்சியை எதிரில் உட்கார வைத்துக் கையால் கேட்பார், கேக்குதா என்று. அவள் உதட்டைப் பிதுக்குவாள்.

நான் போன அன்று தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தது.

"போதும் அக்கா. பெட்டி கோளாறா, என் காது கோளாறா, இல்ல அவளுக்கு மிச்சம் இருந்ததும் போயிடுச்சான்னே தெரியல. நாளைக்குப் பலகையைப் பிரிச்சுடறேன்."

எனக்கு இதெல்லாம் விளங்குமா? சும்மா இருக்கவும் தெரியாதே. குழாயைக் காட்டி, சைகையும் சத்தமுமாக, "பிளம்பர் பொண்டாட்டி, இது திறந்து கிடக்கே, கரப்பான் போகாதாடி?" என்று தங்கச்சியைக் கேட்டேன்.

"நான் என்ன நேத்தா கட்டிக்கிட்டு வந்தேன்? முதுகு திறந்திருந்தப்பவே உள்முனையை அடைச்சுட்டேன். இவரோட பழைய பனியன்தான். நல்லா குத்தித் திணிச்சிருக்கேன்."

அவர் அவளைப் பார்த்தார். எழுந்து ஸ்பீக்கரைக் கழற்றி, தோள்வரை கையை விட்டு, பனியனை உருவினார். மூடும்போது அது கண்ணில் பட்டிருக்கும்தான். முப்பத்தெட்டு வருஷம் துணியோடு குழாயைப் பார்த்த கண்ணுக்கு அது தனியாகத் தெரியவில்லை.

"இதைத்தான் காணோம்னு தேடிட்டிருந்தேன்" என்றார்.

"நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க" என்றாள் அவள்.

நூல் இப்போது ஆடியது. ஆனால் வெட்டி வெட்டிக் குழாய் குட்டையாகிவிட்டதே, சத்தம் மேலே ஏறித் தகர டின் உருட்டியது போல் இருந்தது. அன்று அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீளத் துண்டு ஒன்றைச் செருகி மறுபடி அரை அரை அங்குலமாக வந்தார். நாலாவது வெட்டில் ஸ்பீக்கர் அசையாமல் நின்றது, நூல் துடித்தது. அவளைக் கூப்பிட்டார். ஈரக் கையோடு வந்து பெட்டிமேல் கையை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு நின்றாள்.

"தொட்டி நிரம்புற சத்தம் மாதிரி இருக்கு" என்றாள்.

"கையிலயா, காதுலயா?" விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

"காதுலதான்."

பாட்டைப் போட்டார். "எந்தப் பாட்டுன்னு தெரியல. பரவாயில்ல, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மிச்சக் காது இன்னும் ஒன்றரை வருஷம் நின்றது, அப்புறம் அதுவும் போயிற்று. பெட்டி அடுப்படி வாசலில் இருக்கிறது. அவர் வேலையை விட்டுவிட்டார். அதே வீட்டில், இரண்டாம் மாடியில், தங்கச்சியோடு இருக்கிறார், முழங்காலுக்காக வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்.