காமனை எரிக்கப் போன விமானம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் சிவனுடைய நெற்றிக்கண் நெருப்பு கயிற்றில்தான் போகும். மேட்டு லயத்து வீட்டு வரிசையிலிருந்து மைதானத்து வைக்கோல் காமன் வரைக்கும் கயிறு கட்டி, வாணம் செருகிய பொம்மையை விடுவோம். அது மோதிக் காமன் எரிய வேண்டும். விடுகிற பொறுப்பு என்னுடையது.

முதல் வருஷம் மூங்கிலும் காகிதமுமாக விமானம் செய்தேன். பாதிக் கயிற்றிலேயே எரிந்து உதிர்ந்தது. தோட்டமே பார்த்திருக்கக் கணக்கப்பிள்ளை எழுந்து, "ஏம்ப்பா, விமானம் விட்டியா, கருவாடு சுட்டியா?" என்றார். அதன்பிறகு கொழுந்தெடுக்கிற பொம்பளைங்ககூட என்னைக் கண்டால் மூக்கைப் பொத்தினாங்க.

இந்த மனுசனைப் பழி வாங்காமல் விடுவதில்லை என்று சபதம் போட்டேன். மனசுக்குள்தான். காலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டி வேலை பிரிக்கிறவர் அவராச்சே.

அடுத்த விமானத்துக்கு, இஸ்டோர் ஆலையில் தேயிலை காய வைக்கிற அடுப்புக் கதவிலிருந்து கழற்றிப் போட்ட கல்நார்க் கயிற்றைச் சுற்றினேன். எரியவில்லை. நகரவும் இல்லை. பாரம் தாங்காமல் கயிறு தொய்ந்து, ஒத்திகையிலேயே தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே எருமை மாதிரி நின்றுவிட்டது.

அப்புறம் ஹட்டன் சலூனில் ஒரு பழைய பேப்பர் அகப்பட்டது. ரொம்ப வேகமாகப் பறக்கிற விமானம் காற்றில் உரசியே கொதிக்குமாம். அதனால் இரண்டு மெல்லிய தகட்டுக்கு நடுவே தேன்கூடு போல அறை வைப்பார்களாம். பாரமும் இல்லை, சூடும் லேசில் தாண்டாது. முடி வெட்டிக்கொள்ளாமலே ஓடி வந்தேன். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற அலுமினியத் தாளில் கழிவு பொறுக்கி, அறை அறையாக மடித்து உடம்பு கட்டினேன். உள்ளே வாணம் எரியும்போது வெளியே கை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றிச் சூடுதான்!

கூத்தின் கடைசி நாள், விடிகிற நேரம். கக்கூசுக்குப் போய் வந்தேன். வந்த வேகத்தில் திரும்பப் போனேன். வந்து திரியைப் பற்ற வைத்தேன்.

சர்ரென்று போனது! ஒரு பொறி உதிரவில்லை. போய்க் காமன் நெஞ்சில் மூக்கைக் குத்தி நின்றது.

காமன் எரியவில்லை.

நெருப்பு கக்குகிற வாய் வாலில் அல்லவா இருக்கிறது! அது வானத்தைப் பார்த்துச் சீறி அடங்கியது. உடம்பு எரிந்தால்தானே வைக்கோல் பற்றும்? அது எரியக்கூடாதென்றுதானே அத்தனை பாடுபட்டேன், மடையன்!

காமன் எரிந்ததும் ஒப்பாரி வைக்க வேண்டிய ரதி வேஷக்காரன் என் காதில், "அண்ணே, நான் அழவா, வேணாமா?" என்றான். "இரு, முதல்ல நான் அழுதுக்கிறேன்" என்றேன்.

கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே போய் விமானத்தைப் பிடுங்கினார். "பாருங்க, பச்சப்புள்ள மாதிரி வெதுவெதுன்னு இருக்கு! இதுக்குள்ள நெருப்பே இல்ல" என்று கூட்டத்துக்குக் காட்டி, வால் துவாரத்தில் விரலை விட்டார்.

உள்ளே கங்கு அப்படியே இருந்தது.

"ஐயோ அம்மா!" என்று வீசினார். அது வால் கீழாக வைக்கோலில் விழுந்தது. குப்பென்று காமன் எரிந்தான். ரதி ஒப்பாரி வைத்தாள். கணக்கப்பிள்ளையின் ஒப்பாரிதான் தூக்கலாகக் கேட்டது.

அவர் விரல் கட்டை அவிழ்க்கிற வரைக்கும் ஒரு பெரட்டு தவறாமல், எல்லார் முன்னாலும் கைகட்டி நின்று, "ஐயா, விரலு தேவலைங்களா?" என்று விசாரித்தேன். ஒவ்வொரு நாளும் அவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.