வலப்பக்கம் தொடங்கிய கொப்பி

இன்று காலை புத்தளம் பஸ்ஸில், மாம்புரியில் ஏறிய ஓர் இளம் தாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஐந்து வயது மகள் சைனப். கையிலிருந்த கொப்பி முழுவதும் சிவப்புப் பிழைக்குறி.

"மகளுக்கு வாசிப்பு வராதாம், வார வருஷம் ஸ்கூலுக்கு அனுப்ப வேணாமாம். நேர்சரி டீச்சர் சொல்லிட்டா, அன்ட்டி."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு சொல்லும் வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கம் போயிருந்தது.

"பிள்ளை ஓதப்பள்ளிக்குப் போறதா?"

"ஓம், ஒவ்வொரு நாளும் பின்னேரம். அங்க கெட்டிக்காரி."

ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதப் பழகும் அரபு வலப்பக்கமிருந்து போகும். பிள்ளை தமிழையும் அதே வழியில் அனுப்பியிருக்கிறாள்.

"இப்ப களப்பு எந்தப் பக்கம்?" என்று சைனபைக் கேட்டேன். இடது ஜன்னலில் தெரிந்த நீர்ப்பரப்பைக் காட்டினாள்.

"வீட்டுக்குத் திரும்பிப் போகக்குள்ள?"

"அந்தப் பக்கம். பஸ் திரும்பினா களப்பும் மாறும்தானே!" என்றாள், என் அறிவில் சந்தேகத்துடன்.

இந்தப் பிள்ளைக்கா வாசிப்பு வராது?

கொப்பியின் இடது ஓரத்தில், வலப்பக்கம் நீந்தும் ஒரு மீன் கீறினேன். "தமிழ் இந்த மீன் போற பக்கம் போகும்." அவள் தன் பெயரை எழுதினாள். முதல் தரம் மறந்தாள். தானே அழித்து, மீனிலிருந்து தொடங்கினாள்.

நாளை அந்த முன்பள்ளிக்குப் போகிறேன். தாயிடமும் சொன்னேன்.

"வேணாம் அன்ட்டி, டீச்சர் கோவிப்பா."

கோபிக்கட்டும். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள்; டீச்சர்மாரின் கோபம் எனக்குப் பழக்கம்.

உங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி யாராவது தீர்ப்பெழுதியிருந்தால் கீழே சொல்லுங்கள். போகிற வழியில் அங்கேயும் இறங்குகிறேன்.