பம்பில் விழுந்த கோடுகள்

தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் ஒரு கிழட்டு லாரி இருந்தது. கப்பலுக்குப் போகவேண்டிய மூட்டைகளோடு ஒருநாள் திருவொற்றியூரில் இழுவையில்லாமல், வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குப் போகாவிட்டால் மூட்டை ஏற்றிவிட்ட கம்பெனி இனி எனக்கு லோடே தராது.

முந்தின நாள்தான் தண்டையார்பேட்டை மெக்கானிக் ஒருவர் டீசல் பம்பைக் கழற்றி மாட்டியிருந்தார். அவரையே இழுத்து வந்தேன். பழைய இடத்திலேயே திரும்ப மாட்டுவதற்காக, கழற்றுமுன் பம்பையும் என்ஜினையும் சேர்த்து உளியால் ஒரு கோடு வெட்டுவார்கள்; பம்பு அதிலிருந்து கொஞ்சம் விலகினாலும் டீசல் நேரம் தப்பிப் பாய்ந்து வெள்ளைப் புகைதான். என் வண்டியில் ஐந்து கோடுகள் இருந்தன. அதைத் தொட்ட ஒவ்வொரு மகாமேதையும் ஆளுக்கொன்று வெட்டியிருந்தான்.

"இன்னா மேஸ்திரி, இதுல எது உன்னுது?"

"பளபளன்னு கீதே, அதான் நைனா."

"ரெண்டு கோடு பளபளன்னு கீதே."

அவர் மூக்கைச் சொறிந்தார். "டீசலு கலீஜா கீது நைனா."

டீசலாம். என்ஜினின் ஃபிளைவீல் சக்கரத்தில் லாரி செய்தவர்களே போட்ட குறிக்கு என்ஜினை நிறுத்தி, பம்பின் முதல் குழாய்வாயில் டீசல் சொட்டுவது நிற்கிற இடம்வரை பம்பைத் திருப்பி நானே இறுக்கினேன். புகை போனது. துறைமுகத்துக்கும் நேரம் இருந்தது.

வண்டியில் ஏறப் போனேன். பின்னால் டங்கென்று சத்தம். மெக்கானிக் உளியோடு குனிந்திருந்தார்.

"இதான் நைனா என்னுது," என்றார், ஆறாவது கோட்டைத் துடைத்தபடி.