குடைக்கு அர்த்தம் சொன்னவர்

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே சினிமாப் பாட்டுக்குள் சிவபெருமானைக் கண்டுபிடித்துவிட்டார். அரசு அலுவலகத்தில் காலம் முழுக்க மனுக்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட மனிதர், திடீரென்று காதல் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகக் கேட்க ஆரம்பித்தார். வேறு ஊராக இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். திருவண்ணாமலையில் பாய் விரித்து எதிரே உட்கார்ந்தார்கள்.

முதலில் இட்லி நேரத்தில் எனக்கு மட்டும்தான் உபதேசம் நடந்தது.

"அந்தப் பாட்டுல குடைன்னு வருதே, இன்னான்னு நெனச்ச?"

"குடைதான்."

"அதான் இல்ல. குடைன்னா அகந்தை. மழைன்னா அருள். குடையை மடக்கிட்டு நனைடான்னு சொல்றான்."

பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கிய ஒருத்தன், கூட நிற்கிற பெண்ணைத் தன் குடைக்குள் கூப்பிடுகிற பாட்டு அது. குடையை மடக்கச் சொல்லி எந்த இடத்திலும் வராது. நடுவில் அவள் இடுப்பைப் பற்றி ஒரு வரி வரும். அதற்கு மட்டும், "இது ரொம்ப ஆழம், அப்புறம் பாக்கலாம்" என்று தாண்டிவிடுவார்.

பிறகு ஞாயிறு சாயங்காலங்களில் எங்கள் ஹாலில் கூட்டம் சேர்ந்தது. அவரோடு வாக்கிங் போகிறவர்கள், ஒரு லாட்ஜ் முதலாளி, ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர். அந்த வெள்ளைக்காரருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். "மொழி குறுக்கே நிக்கல பாருங்க, அவருக்குத்தான் முழுசா புரியுது" என்பார் என் கணவர். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். என் வீட்டு ஹாலில் ஒன்றும் ஒன்றும் ஒன்று என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தவளும் நானேதான்.

ஒரு ஞாயிறு காபித் தட்டோடு போனபோது லாட்ஜ் முதலாளி, "அம்மா, நீங்க இந்தப் பாட்டைப் பத்தி இன்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்.

தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன்: "மழை பெய்யுது. அவன்கிட்ட குடை இருக்கு, அவகிட்ட இல்ல. நனையாம வான்னு கூப்பிடறான். அவ்ளோதாங்க."

இதோடு ஒழிந்தது என்று நினைத்தேன். லாட்ஜ் முதலாளி கைகூப்பினார். "'அவ்ளோதான்'னுட்டாங்க பாத்தீங்களா! இதுக்கு மேல சொல்ல இன்னா இருக்கு?" யாரோ அதை இங்கிலீஷில் சொல்ல, வெள்ளைக்காரர் கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தார். விழுந்துவிடுவாரோ என்று பயந்து பின்னால் நகர்ந்தேன். என் கணவர் முகம் சுருங்கியது. உடனே சுதாரித்துக்கொண்டு, நான் சொன்னதற்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

நான் சமையலறைக்கு வந்து பாத்திரங்களைத் தொட்டியில் தடாலென்று போட்டேன். பின்னாலேயே ஒரு பெண் வந்து நின்றாள். அடுத்த தெருக்காரி. முந்தைய வருஷம்தான் அவள் கணவர் இறந்திருந்தார். வாராவாரம் வந்து சுவரோரமாக உட்காருவாள், வாயே திறக்க மாட்டாள். அவளையும் அந்தக் கும்பலில் ஒருத்தியாகத்தான் நினைத்திருந்தேன்.

"உங்களுக்கும் அம்மா அருள்வாக்கு வேணுமா?" என்றேன்.

"ஐயோ, இல்லைங்க டீச்சர். எங்க வீட்டுக்காரரு குளிக்கும்போது இந்தப் பாட்டைத்தான் கத்துவாரு. மெட்டும் வராது, வரியும் வராது. வீட்ல போட்டா நான் அழறேன்னு பையன் ஆஃப் பண்ணிடறான். இங்கன்னா யாரும் ஆஃப் பண்ண மாட்டாங்கன்னுதான் வந்தேன்."

"அப்ப அர்த்தம்?"

அவள் ஹால் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சார் நடுநடுவுல நிறுத்தி நிறுத்திச் சொல்றாரே... தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், வாய்ல துணிய அடைக்கலாம்னு வருது."

"எனக்கு தெனமும் வருது."

கதவைச் சாத்திவிட்டு என் போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். எங்கேயும் நிறுத்தவில்லை. இடுப்பு வரி வந்தபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இந்த ஒரு வரிய மட்டும் கரெக்டா பாடுவாரு." சிரிப்பு அழுகையாக மாறியது. பாட்டு முடிந்ததும் திரும்பவும் போட்டேன்.

அதன்பின் நடந்தது இதுதான். ஆசிரமத்துப் பக்கம் ஒரு கஃபேக்காரர் தன் மொட்டை மாடியைக் கொடுக்க, கூட்டம் அங்கே போய்விட்டது. என் கணவர் தாடி வளர்த்துக்கொண்டு, காவியும் இல்லாத வெள்ளையும் இல்லாத ஒரு ஜிப்பாவில் ஆட்டோ ஏறிப் போகிறார். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு அதுதான் சௌகரியம்.

ஞாயிறு சாயங்காலம் அந்தப் பெண் என் வீட்டுக்கு வருகிறாள். பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டபடி பாட்டுக் கேட்கிறோம். சில வாரம் அழுகிறாள், சில வாரம் தன் வீட்டுக்காரர் பாடியது மாதிரியே அபசுரமாகப் பாடிக் காட்டுகிறாள். போன வாரம் அவள் கிளம்பின பிறகு என் கணவர் வந்தார். மேஜைமேல் இருந்த இரண்டு தட்டுகளைப் பார்த்து, "யாரு வந்தாங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், வேறொரு பாட்டில் வந்த ரயிலுக்கு அன்று மாடியில் தான் சொன்ன அர்த்தத்தை விளக்க ஆரம்பித்துவிட்டார்.